தொட்டில் துணியில் ஓர் ஊசி

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டூடியோவின் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மேசைமேல் கிடந்த ஊசிப் பட்டையை எடுத்துப் பார்த்தபோதுதான் கிளாடிஸுக்கு அது தெரிந்தது. பட்டையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

அது கம்பளித் துணியில் அவளே தைத்த பட்டை. ஒவ்வொரு ஊசிக்கும் அதில் தனி இடம் உண்டு. சனி, ஞாயிறு வகுப்புக்கு வரும் பெண்கள் யாராக இருந்தாலும், எடுத்த ஊசியைத் திரும்பக் குத்தி வைத்த பிறகுதான் படியிறங்க முடியும். பீளமேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இந்த ஸ்டூடியோவைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஒரு விஷயத்தில் அவள் யாருக்கும் தளர்வு காட்டியதில்லை. காணாமல் போனது பஞ்சோடு சேர்த்துத் தைக்கிற குட்டை ஊசி. முந்தின நாள் அந்த ஊசியில் தைத்தது ஒரே ஒரு துணியைத்தான். அது பச்சைக் குழந்தைக்குப் போகிற துணி.

மேசையை நகர்த்தினாள். குப்பைக் கூடையைத் தாளில் கொட்டிக் கிளறினாள். குச்சியில் கட்டிய காந்தத்தைத் தரை முழுக்க இழுத்துப் பார்த்தாள். இரண்டு குண்டூசிகளும் ஒரு கொக்கியும் ஒட்டிக்கொண்டு வந்தன. குட்டை ஊசி வரவில்லை.

அந்த நேரத்தில் ரம்லா படியேறி வந்தாள். உக்கடத்துக்காரி. ஸ்டூடியோவில் கிளாடிஸோடு சேர்ந்து வேலை பார்க்கிறவள். தரையில் மண்டியிட்டிருந்த கிளாடிஸையும் கையில் இருந்த காந்தத்தையும் பார்த்தவள், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"கெடைக்கலையாக்கா?" என்றாள்.

என்ன தேடுகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கிளாடிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"நேத்து சாயங்காலமே பார்த்தேன்க்கா. ஒண்ணு கொறைஞ்சுது. அவங்க வந்து அந்தத் துணியை நெஞ்சோட வெச்சுட்டு அழுதுட்டு நின்னாங்க. அந்நேரத்துல போயி ஊசியைக் காணோம்னு எப்படிக்கா சொல்றது? கீழதான் எங்கயாவது விழுந்திருக்கும், காலையில வந்து எடுத்துக்கலாம்னு நெனைச்சுட்டேன்."

கிளாடிஸ் அவளைத் திட்டவில்லை. பட்டையைச் சரிபார்ப்பது தன் வேலை. முந்தின நாள் கிளாடிஸ்தான் அதைப் பார்க்காமல் விட்டிருந்தாள்.

அழுதுகொண்டு நின்றவள் யுவஸ்ரீ. பக்கத்திலேயே ஓர் ஐ.டி. கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கல்யாணமாகிப் பதினோரு வருடம். குழந்தை இல்லை. அவளும் கணவன் ஈஸ்வரமூர்த்தியும் நகரில் குடியிருந்தார்கள். கணவனின் தம்பி குடும்பம், மாமியாரோடு தொண்டாமுத்தூர் தோட்டத்து வீட்டில் இருந்தது. அந்தத் தம்பி மனைவி கவிப்பிரியாவுக்கு ஆண் குழந்தை பிறந்ததும், அதற்குத் தன் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று யுவஸ்ரீ ஆசைப்பட்டாள். வகுப்பில் கிளாடிஸ் 'கிரேஸி குயில்ட்' என்ற ஒன்றைக் காட்டியிருந்தாள். ஒரே அளவாக வெட்டாமல், கோணலும் மாணலுமாக இருக்கிற பட்டு, வெல்வெட், பருத்தித் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, இணைகிற ஒவ்வொரு கோட்டின் மேலும் கையால் எம்பிராய்டரி போட்டு மூடுவது. உள்ளே பஞ்சு வைத்து மெத்தைபோலத் தைத்துவிட்டால், பெரியவர்களுக்குப் போர்வை, குழந்தைக்கு விரிப்பு.

யுவஸ்ரீ அதற்காகத் தன் முகூர்த்தப் பட்டுச் சேலையையே கொண்டுவந்தாள்.

"இதை வெட்டணுமாங்க? நல்லா யோசிச்சுக்கங்க" என்று கிளாடிஸ் இரண்டு முறை கேட்டாள்.

"பீரோவுல கெடந்து என்னங்க்கா பண்ணப் போகுது? கொழந்தை மேல கெடக்கட்டும்" என்றாள் யுவஸ்ரீ.

மதிய உணவு நேரத்தில் ஓடி வருவாள். டிபன் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்து தைப்பாள். இறகு விரித்தது போலக் கிளை கிளையாகப் போகும் ஃபெதர் ஸ்டிட்ச் அவளுக்கு நன்றாக வந்தது. இணைப்புகளில் பாதிக்கு மேல் அவள் போட்டதுதான். மணி, பொத்தான், ஜமிக்கி எதுவும் வேண்டாம், குழந்தை வாயில் வைத்துவிடும் என்று கிளாடிஸ் முதலிலேயே சொல்லியிருந்தாள். குழந்தைக்குப் பேர் வைக்கும் விசேஷ நாள் நெருங்கியதால், பஞ்சு வைத்து ஓரம் கட்டுவதைக் கிளாடிஸும் ரம்லாவும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து முடித்தார்கள். கடைசியாக ஒரு மூலையில் கிளாடிஸ் வெள்ளி நிற நூலில் சின்னதாக ஒரு சிலந்தி வலை போட்டாள். இந்த வேலை வெளிநாட்டிலிருந்து வந்தது. அங்கே சிலந்தி வலை அதிர்ஷ்டம் என்று புத்தகத்தில் படித்திருந்தாள். தன் பங்குக்கு ஓர் ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை மாலை வந்து அதை வாங்கிக்கொண்டபோது யுவஸ்ரீ வலையை விரலால் தொட்டுப் பார்த்து, "இது எதுக்குங்க்கா?" என்றாள். கிளாடிஸ் சொன்னாள். அவள் சிரித்தாள். பிறகுதான் அழுதாள்.

இப்போது கிளாடிஸ் யுவஸ்ரீக்குப் போன் செய்தபோது பின்னால் நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இப்பத்தான் பேர் வெச்சு முடிச்சாங்க. கொழந்தையை நம்ம துணியிலதான் படுக்க வெச்சிருக்காங்க. எல்லாரும் பார்த்துட்டு..."

"யுவஸ்ரீ, கொழந்தையை உடனே அதுலேர்ந்து தூக்குங்க. உள்ளே ஒரு ஊசி இருக்குமோன்னு பயமா இருக்குதுங்க. என்னோட தப்பு."

 நாதஸ்வரம் மட்டும் கேட்டது. பிறகு "இருங்க" என்று ஒரு சொல். போன் துண்டிக்கப்பட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். குரல் தாழ்ந்திருந்தது. வீட்டுக்குப் பின்பக்கம் வந்து பேசுகிறாள் என்பது மாட்டின் மணிச் சத்தத்தில் தெரிந்தது.

"தூக்கிக் கவிகிட்ட குடுத்துட்டேன். ஈரம் பண்ணிருச்சுன்னு சொன்னேன். அக்கா, நான் எடுத்தா எதுக்குன்னு கேப்பாங்க. நீங்க வந்து அந்தத் துணியை வாங்கிட்டுப் போயிருங்க. ஊசின்னு மட்டும் இங்க யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

"நெசத்தையே சொல்லிரலாமுங்களே. தப்பு பண்ணுனது நாங்க. நாங்களே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கறோம்."

"உங்களுக்கு இந்த ஊட்டைப் பத்தித் தெரியாதுங்க்கா" என்று யுவஸ்ரீ சொன்னாள்.

போன வருடம் கவிப்பிரியாவுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போனது. மாமியார் ராமாத்தாள் யாரோ ஒரு குறி சொல்கிறவரிடம் போனாள். "ஊட்டுக்குள்ளேயே ஒரு பொம்பளையோட மனசு வேகுது" என்று அவர் சொன்னாராம். யுவஸ்ரீயிடம் யாரும் இதை நேராகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் கையால் எடுத்துக் கொடுத்ததைக் கவிப்பிரியா சாப்பிட யாரும் விட்டதில்லை. குழந்தை பிறந்த பிறகு அதைத் தூக்கப் போனால், "தூங்கட்டும் கண்ணு" என்று சொல்லிவிடுவார்கள். துணிக்குள் ஊசி வைத்துச் செய்வினை செய்வார்கள் என்ற பேச்சு அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலடி என்று பேரெடுத்தவள் கொடுத்த துணியில் ஊசி இருந்தால், அதை மறதி என்று அந்த வீட்டில் யாரும் சொல்லப் போவதில்லை.

"ஓரத்துல தையல் விட்டுப்போச்சு, சரி பண்ணித் தர வந்தேன்னு சொல்லுங்க்கா. அது போதும்."

கிளாடிஸ் சரி என்றாள். சொன்ன உடனேயே மனம் ஒப்பவில்லை. இருந்தாலும் சரி என்றாள்.

ரம்லாவை ஸ்டூடியோவில் விட்டுவிட்டு வாடகைக் காரில் ஏறினாள். காந்தத்தையும் ஊசிப் பட்டையையும் பையில் வைத்துக்கொண்டாள். லாலி ரோடு தாண்டும்வரை நெரிசல். வடவள்ளிக்கு அப்புறம் மலை கிட்டத்தில் தெரிந்தது. தொண்டாமுத்தூருக்குள் நுழைந்து தோப்புச் சாலையில் திரும்பியதும், யானை இறங்கி மிதித்துப் போட்ட வாழைத் தோட்டம் ஒன்றை டிரைவர் காட்டினார். கிளாடிஸ் திரும்பிப் பார்த்தாள், எதுவும் மனதில் ஏறவில்லை. போய்ச் சேர்வதற்குள் துணியை யாராவது மடித்து எடுத்து வைத்திருந்தால் போதும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

வாசலில் வாழை மரம் கட்டிப் பந்தல் போட்டிருந்தது. பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. ராமாத்தாளே எதிரே வந்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைப் பருத்திச் சேலை, காதில் பழைய கல் தோடு.

"வாங்க அம்மணி. தையல் சொல்லிக் குடுக்கறவங்கதானுங்களே? உள்ளே வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க."

உள்ளே கட்டிலில் கவிப்பிரியா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குழந்தை ஒரு பழைய வேட்டித் துணியில் தூங்கியது. சுவரை ஒட்டி உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேர். ஜன்னலோரம் ஈஸ்வரமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சமையலறை வாசலில் யுவஸ்ரீ. அவள் கிளாடிஸைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். உண்மையைச் சொல்லச் சொல்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று கிளாடிஸுக்குப் புரியவில்லை. பேசி வைத்தபடி சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

"குயில்ட்டுல ஓரத்துல கொஞ்சம் தையல் விட்டுப்போச்சுங்க. எடுத்துட்டுப் போயி சரி பண்ணிக் குடுத்துடலாம்னு வந்தேனுங்க."

"எந்தப் பக்கத்துலைங்க அம்மணி?"

"ஒரு ஓரத்துலைங்க. கீழ்ப்பக்கம்."

"அதுக்குன்னா பீளமேட்டுலேர்ந்து கார் புடிச்சு வந்தீங்க? எங்க யுவஸ்ரீகிட்ட சொல்லியிருந்தா அடுத்த வாரம் கொண்டாந்து குடுத்திருப்பாளே."

"இல்லைங்க, விசேஷமாச்சே. கையோட செஞ்சுரலாம்னு பார்த்தேனுங்க."

ராமாத்தாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பித்தளைத் தட்டை எடுத்து வந்து கிளாடிஸின் முன்னால் வைத்தாள். தட்டில் வேப்பிலை. வேப்பிலை மேல் குட்டை ஊசி. ஊசிக் காதில் இரண்டு அங்குல வெள்ளை நூல் இன்னும் இருந்தது.

"நீங்க வாரதுக்குக் கொஞ்ச நேரம் முந்தித்தானுங்க கெடைச்சுது" என்றாள். "இவ போன் பேசிப்போட்டு ஓடி வந்து, தூங்கற கொழந்தையை வெடுக்குன்னு தூக்குனா. ஈரம்னா. தொட்டுப் பார்த்தா ஈரம் இல்லீங்க. கொழந்தை தொடையில ஒரு கீறல். துணியை ஒதறுனேன். கையில ஏறிருச்சு." உள்ளங்கையைக் காட்டினாள். நடுவில் ஒரு சிவந்த புள்ளி.

இனி மறைக்க எதுவும் இல்லை. கிளாடிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி தன்னுடையது, தைத்தது தாங்கள், சரிபார்க்காமல் கொடுத்தது தன் தவறு, காலையில் தெரிந்ததும் தான்தான் யுவஸ்ரீக்குப் போன் செய்தது. பையிலிருந்து பட்டையை எடுத்து விரித்து, காலியான இடத்தைக் காட்டினாள். 

"கொழந்தையை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிருங்க. நானே கூட்டிட்டுப் போறேனுங்க. எந்த மன்னிப்பு வேணும்னாலும் கேட்டுக்கறேன். யுவஸ்ரீக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுங்க."

ராமாத்தாளின் குரல் உயரவில்லை. "நீங்க நல்லவங்க அம்மணி. பார்த்தாலே தெரியுது. ஆனா மொதல்ல தையல் விட்டுப்போச்சுன்னீங்க. இப்ப ஊசி என்னோடதுங்கறீங்க. அவளும் அப்படித்தான். யாரு போன்லன்னு கேட்டா ஆபீஸ்லேர்ந்துன்னா. இப்ப நீங்கங்கறீங்க. இதுல எதைங்க நான் எடுத்துக்கறது?"

"ஊசியைப் பாருங்க. மத்த ஊசிக மாதிரியேதான் இருக்குது."

"கடையில விக்கற ஊசிதானுங்களே."

சுவரோரம் இருந்த ஒருத்தி மெல்லிய குரலில், "அந்த மூலையில ஒட்டடை மாதிரி என்னமோ போட்டிருக்குதே, அதையும் கேளுங்க அத்தை" என்றாள்.

"அது சிலந்தி வலைங்க. நான்தான் போட்டேன். வெளிநாட்டுல அது அதிர்ஷ்டமுங்க."

சொல்லும்போதே அது எவ்வளவு பொய்யாகக் கேட்கிறது என்று கிளாடிஸுக்குத் தெரிந்தது. உண்மையை இவ்வளவு சிரமப்பட்டுச் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை.

"எங்கூர்ல ஒட்டடையை அடிச்சுத்தானுங்க கொழந்தையை ஊட்டுக்குள்ள கொண்டாருவோம்" என்றாள் ராமாத்தாள். பிறகு யுவஸ்ரீயைப் பார்த்தாள். "முகூர்த்தச் சேலையைக் கத்திரி போட்டு வெட்டியிருக்கா. எந்தப் பொம்பளைங்க அதைச் செய்வா?"

 யுவஸ்ரீயின் முகத்தில் கோபம்கூட இல்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்திருந்த ஒன்று வந்துவிட்டது போல நின்றாள். கிளாடிஸ் ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று நினைத்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தத் துணியையாவது என்கிட்ட குடுங்க" என்று கிளாடிஸ் கேட்டாள்.

"அது இனி உங்களுக்கு ஆகாதுங்க. நாங்க பார்த்துக்கறோம். நீங்க சாப்புட்டுப் போங்க."

"வேண்டாமுங்க."

"விசேஷ ஊட்டுக்கு வந்துட்டுச் சாப்புடாமப் போலாமுங்களா? உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க அம்மணி."

கிளாடிஸ் பந்தியில் உட்கார வேண்டியிருந்தது. ராமாத்தாளே பக்கத்தில் நின்று, "அம்மணிக்கு இன்னொரு கரண்டி பாயசம் விடு" என்று பரிமாறுகிறவரிடம் சொன்னாள். கிளாடிஸ் தலை நிமிராமல் சாப்பிட்டாள்.  அந்த அம்மாளின் உபசாரத்தில் நடிப்பு இல்லை. பேரனுக்காகப் பயந்து போயிருந்தாள். அந்தப் பயத்தைக் கிளாடிஸ்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

வழியனுப்ப ஈஸ்வரமூர்த்தி கார்வரை வந்தான். நல்ல மாதிரியான மனிதன். பம்ப் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். மழை நாட்களில் வகுப்பு முடியும்வரை ஜெராக்ஸ் கடை வாசலில் பைக்கோடு காத்திருப்பதைக் கிளாடிஸ் பார்த்திருக்கிறாள். கார்க் கதவைத் திறந்துவிட்டுத் தயங்கினான்.

"ஏனுங்க... நெசமாவே அது உங்க ஊசிதானுங்களா?"

கிளாடிஸ் பதில் சொல்வதற்குள் அவன் முகம் மாறியது. பின்னால் யுவஸ்ரீ வந்து நின்றிருந்தாள். தோளில் கைப்பை. அவள் அவனைத் தாண்டி வந்து, காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"யுவா, இரு, நானும் வாரேன்" என்றான் அவன்.

"நீங்க அத்தைகூட இருங்க" என்று சொல்லி அவளே கதவைச் சாத்தினாள்.

வடவள்ளி தாண்டும்வரை கிளாடிஸ் என்னென்னவோ சொன்னாள். எதுவும் யுவஸ்ரீக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. நகருக்குள் நுழைந்ததும், "என்னைக் காந்திபுரத்துல எறக்கி விடுங்க்கா. அம்மா ஊட்டுக்குப் போறேன்" என்றாள். அவளுடைய அம்மா வீடு அவிநாசியில். பஸ் ஏறும்போதும் அழவில்லை.

ரம்லா அன்று வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தாள். நடந்ததைக் கேட்டதும் முக்காட்டை இழுத்துச் சரி செய்துகொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு நான் வாரேன்க்கா. நான்தான் பார்த்தும் சொல்லாம விட்டேன்னு அந்த அம்மாகிட்ட சொல்றேன். ரெண்டு பேரு சொன்னா நம்புவாங்க."

கிளாடிஸ் அவளைப் பார்த்தாள். அந்த வீட்டில் ரம்லா போய் நின்று, உங்கள் குழந்தையின் துணியில் ஊசியை விட்டது நான்தான் என்று சொன்னால், பேச்சு எந்தப் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யுவஸ்ரீ காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்ததாக ஆகும். அந்த ஆளுக்கு ஒரு மதமும் பேரும் கிடைத்துவிடும்.

ரம்லா அவள் முகத்தைப் படித்துவிட்டாள். "நான் போனா அது வேற பேச்சாயிரும்னு நெனைக்கறீங்க" என்றாள்.

"ஆமா ரம்லா."

"அதுவும் நெசந்தான்." மறுபடி உட்கார்ந்தாள். எதிரே இருந்த ரவிக்கைத் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தைக்கவில்லை. "தப்பு பண்ணுனதைக்கூட நான் போயி நேராச் சொல்ல முடியாது பாருங்க" என்று மட்டும் சொன்னாள். கிளாடிஸ் அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தாள். எதற்கென்று தெரியவில்லை.

பத்துப் பதினைந்து நாட்கள் கழித்துக் கவிப்பிரியா போன் செய்தாள். துணியின் பின்பக்கம் தைத்திருந்த ஸ்டூடியோ பெயர்த் துண்டில் போன் எண் இருந்தது. எரிப்பதற்கு முன்னால் அதைப் பார்த்து வைத்துக்கொண்டாளாம்.

"அத்தை தோட்டத்துல வெச்சு எரிச்சுப்போட்டாங்கங்க. எனக்குப் பார்க்கவே முடியலை. எவ்வளவு வேலை அதுல."

"கொழந்தை எப்படி இருக்கானுங்க?"

"நல்லாத்தான் இருக்கான். கீறல் அன்னைக்கே ஆறிப்போச்சு. டாக்டர்கிட்டயும் காட்டுனோம்" என்றாள். "யுவா அக்கா அப்படிச் செய்யறவங்க இல்லீங்க. எனக்கு அது தெரியும். மொதல் கொழந்தை போனப்போ ஆஸ்பத்திரியில என்கூட இருந்தது அவங்கதான். அதைச் சொல்லத்தான் போன் பண்ணுனேன்."

"இதை உங்க அத்தைகிட்ட சொல்லலாமுங்களே."

 "சொல்லணுமுங்க. ஆனா ஒண்ணு இருக்குதுங்க. கொழந்தை வீல்னு அழுதா, வயித்து வலிதான்னு டாக்டர் சொல்லியிருக்காரு, மருந்தும் குடுக்கறேன். ஆனா அழுத ஒடனே மொதல்ல அந்த ஊசிதான் கண்ணுக்குள்ள வருது. அக்கா மொகமும் கூடவே வருது. வேண்டாம் வேண்டாம்னாலும் வருது. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க அத்தைகிட்ட பேசறது?"

 "டாக்டர் சொல்றதையே கேளுங்க" என்றாள் கிளாடிஸ். அது ஒரு பதிலே இல்லை என்று போனை வைத்த பிறகும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

யுவஸ்ரீ அடுத்த மாதம் மறுபடி சனிக்கிழமை வகுப்புக்கு வந்தாள். வருவாள் என்று கிளாடிஸ் எதிர்பார்க்கவில்லை. ரம்லா எழுந்து நின்று, எல்லோர் எதிரிலும், "என்னை மன்னிச்சுருங்க" என்றாள். யுவஸ்ரீ அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவிநாசியிலிருந்தே தினமும் பஸ்ஸில் வேலைக்கு வந்து போவதாகச் சொன்னாள்.

மற்றவர்கள் போன பிறகு கிளாடிஸ், கவிப்பிரியா போன் செய்ததைச் சொன்னாள். முதல் பாதியை மட்டும் சொன்னாள். "அவ உங்களை நம்பறா."

"நம்பறவ எனக்கில்லீங்களா போன் பண்ணியிருக்கணும்?" என்றாள் யுவஸ்ரீ. அவளுக்கு மறுபாதி தெரிந்தே இருந்தது. "விடுங்க்கா. ஊசியை விட்டது உங்க தப்பு. அது போயிருச்சு. அத்தை பேசுனது புதுசில்ல. ஆனா அவரு கார்க்கிட்ட நின்னு உங்ககிட்ட கேட்டாரு பாருங்க. பதினோரு வருஷம் ஒரே தட்டுல சாப்புட்டவரு. அதைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை."

ஈஸ்வரமூர்த்தி விடவில்லை. சாயங்காலம் அவள் ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் பஸ் ஏறினால், பைக்கில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவான். கருமத்தம்பட்டி, தெக்கலூர் எல்லாம் கடந்து அவிநாசிவரை. அவள் இறங்கித் தெருவுக்குள் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். அவள் கூப்பிட்டதில்லை. போகச் சொன்னதும் இல்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் வகுப்பு முடியும் நேரத்தில் அவன் ஜெராக்ஸ் கடை வாசலில் ஒதுங்கி நின்றான். கிளாடிஸ் கீழே இறங்கிப் போனாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேனுங்க" என்றான் அவன். "இனி அந்தப் பேச்சை எடுத்தா நான் தோட்டத்துக்கே வரமாட்டேன்னு. அதை இவகிட்ட சொன்னேன். அம்மாவைப் பத்தி நான் கேக்கலையேன்னு சொல்லிட்டாளுங்க."

"அன்னைக்கு என்கிட்ட எதுக்குங்க அப்படிக் கேட்டீங்க?"

அவன் ஹெல்மெட்டிலிருந்து தண்ணீரைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். "அவ செஞ்சிருப்பான்னு ஒரு நிமிஷம்கூட நெனைக்கலீங்க. ஆனா செய்யலைன்னு யாராவது ஒருத்தர் சொல்லி, காதுல கேக்கணும்னு இருந்துச்சு. அதைப் போயி அவ நிக்கும்போது கேட்டுப்போட்டேன்."

"கேட்டிருக்கவே கூடாதுங்க. அவ நின்னாலும் நிக்காட்டியும்."

"ஆமாங்க" என்றான்.

யுவஸ்ரீ படியிறங்கி வந்தாள். இருவரையும் பார்த்தாள். குடையை விரித்தாள். "மழை வலுக்குது. பஸ் பின்னாடி வர வேண்டாம். ரோடெல்லாம் குழியாக் கெடக்குது" என்று அவனிடம் சொன்னாள். பல வாரத்துக்குப் பிறகு அவள் அவனிடம் தானாகப் பேசியது அதுதான்.

அவன் அன்றும் போனான்.

தை பிறந்தபோதும் அவள் அவிநாசியில்தான் இருந்தாள். பொங்கலுக்கு அவன் தொண்டாமுத்தூர் போகவில்லை. அவிநாசிக்கு வந்தான். அவளுடைய அம்மா உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். கூடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வாரேனுங்க என்று சொல்லிக் கிளம்பினான். யுவஸ்ரீ இதைக் கிளாடிஸிடம் சொன்னபோது அவள் குரலில் கோபமும் தெரியவில்லை, மகிழ்ச்சியும் தெரியவில்லை.

"என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று கிளாடிஸ் கேட்டாள்.

"போகலாம்னு ஒருநாள் தோணுது. வேண்டாம்னு ஒருநாள் தோணுது" என்றாள் அவள். "அன்னைக்கு வாசல்வரைக்கும் போயிட்டு, டம்ளரைத் தானே கழுவி வெக்கறேன்னு திரும்பி வந்தாருங்க்கா. மாப்பிள்ளை போயி இதெல்லாம் செய்யறதான்னு அம்மா வேண்டாம்னாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. கழுவி வெச்சுட்டுத்தான் போனாரு."